கிண்டிப் பரியியல்: மூலமும் உரையும்

இலக்கியம் கண்டதற்கே இலக்கணம் என்பது நம் மரபு. கிண்டியில் 1777-லேயே குதிரைகள் ஓடத் தொடங்கிவிட்டன. மெட்ராஸ் ரேஸ் கிளப் 1896-ல் தோன்றியது. 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து திடலுக்குச் சீல் வைத்தது. இலக்கியம் இப்படி அசையாமல் நின்று நூலாசிரியனுக்கு வசதி செய்து கொடுத்திருப்பதால், இதுவரை வாய்மொழியாகவும் வசைமொழியாகவும் மட்டுமே வழங்கிவந்த பரியியலுக்கு மூலமும் உரையும் இங்கே வகுக்கப்படுகின்றன.

சூதுக்கு ஒரு நூலா எனின், அன்று. 1974-ல் தமிழ்நாடு அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. வழக்கு ஆண்டுக்கணக்கில் நடந்து, 1996 ஜனவரி 12 அன்று, டாக்டர் கே.ஆர். லட்சுமணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது: குதிரைப் பந்தயத்தில் வெற்றி பெரும்பாலும் திறமையைச் சார்ந்தது, ஆகவே அது சூதாட்டம் ஆகாது. அன்று முதல் வேலியோரம் கையில் ரேஸ் புக்கும் காதில் பென்சிலுமாக நின்ற ஒவ்வொருவரும் சட்டப்படி அறிஞர். நாட்டில் வேறெந்தத் துறை அறிஞருக்கும் இவ்வளவு உயர்ந்த இடத்திலிருந்து சான்றிதழ் கிடைத்ததில்லை. அந்த அறிவு எத்தகையது என்பதே இவ்வாய்வின் பொருள்.

*ஓடுமா அறியக் காண்டல் கருதல்*
*உரையென அளவை மூன்றே என்ப.*

என்பது முதல் நூற்பா. இறைவனை அறியச் சைவ சித்தாந்திகள் கொண்ட அளவைகள் இவை. குதிரையை அறியவும் இவையே போதும். அறியப்படும் பொருள் இரண்டிடத்திலும் ஒரே அளவு பிடிகொடுக்காதது.

காண்டலாவது பேடாக்கில் பார்ப்பது. பந்தயத்துக்கு முன் குதிரைகளை வட்டமாக நடத்திக் காட்டும் இடம் அது. தோல் மினுமினுக்கிறதா, பின்தொடைகளுக்கு இடையே நுரை தள்ளுகிறதா, காது முன்னால் விறைத்து நிற்கிறதா, காலில் கட்டு உண்டா என்று பார்க்க வேண்டும். நுரை தள்ளினால் பதற்றம்; ஓடுமுன்னே பாதி பலம் போய்விட்டது என்று பொருள். நம் முன்னோர் இன்னும் நுட்பமாகச் சுழி பார்த்தார்கள். நகுலன் பெயரில் வழங்கும் அசுவ சாத்திரத்தைத் தஞ்சை சரஸ்வதி மகால் நூலகம் அச்சிட்டே வைத்திருக்கிறது. ஆயினும் காண்டலுக்கு ஓர் எல்லை உண்டு. திருவிளையாடலில் அரிமர்த்தன பாண்டியன் முன் வந்து நின்ற குதிரைகளுக்கு இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை. விற்க வந்தவரே சிவபெருமான். இனம், அங்கம், நடை எல்லாவற்றையும் அவரே விளக்கினார். அன்றிரவே அவை நரிகளாகி, லாயத்தில் இருந்த பழைய குதிரைகளையும் கடித்துக் குதறிவிட்டு ஓடின. பேடாக்கில் ராஜநடை நடந்த குதிரை கடைசி இருநூறு மீட்டரில் என்னவாக மாறும் என்பதற்குத் தமிழில் கிடைக்கும் மிகப் பழைய சான்று இதுதான்.

கருதலாவது ரேஸ் புக்கை வாசித்தல். புகையைக் கண்டு நெருப்பைக் கருதுவதுபோல, சென்ற ஓட்டங்களில் வந்த இடத்தைக் கண்டு இன்று வரப்போகும் இடத்தைக் கருதுவது. சென்ற முறை நான்காவதாக வந்தது. ஏன்? தூரம் 1,600 மீட்டர், அதற்கு 1,200 தான் ஒத்துவரும் எனலாம். முதுகில் 60 கிலோ, இன்று 54 எனலாம். ஜாக்கி புதியவர் எனலாம். மண் ஈரம் எனலாம். ஒரே புகைக்கு நான்கு அடுப்பு.

இதில் எடைதான் பெரிய சிக்கல். வென்ற குதிரைக்கு மறுமுறை எடை ஏறும், தோற்றதற்கு இறங்கும். சேணத்துப் பையில் ஈயத் தகடு செருகி அதைச் சரிக்கட்டுவார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் வயதுக்கேற்ற எடைப் பட்டியல் வகுத்தவர் அட்மிரல் ரவுஸ். சுக்கான் இழந்த கப்பலை அட்லாண்டிக்கைக் கடந்து கரைசேர்த்தவர், அதனால் எதையும் சமாளித்துவிடலாம் என்று நினைத்திருக்கக்கூடும். எடை போடும் ஹேண்டிகேப்பரின் கனவு, எல்லாக் குதிரைகளின் மூக்கும் ஒரே நொடியில் கோட்டைத் தொடுவது. அதாவது, யாருமே எதையும் முன்கூட்டி அறிய முடியாதபடி செய்வதற்கென்றே ஒருவருக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். அவர் வேலையை அவர் ஒழுங்காகச் செய்திருந்தால் ரேஸ் புக் வெறும் தாள். அவர் தவறும் இடத்தில்தான் நம் அறிஞருக்குச் சோறு.

கருதலை மிகுத்தால் அறிவு மிகுமோ எனின், இதை ஒருவர் சோதித்தே பார்த்தார். உளவியலாளர் பால் ஸ்லோவிக் 1973-ல் எட்டுப் பழுத்த பந்தயக் கணிப்பாளர்களைக் கூப்பிட்டு, குதிரைகளைப் பற்றி முதலில் ஐந்து தகவல்கள் கொடுத்தார். பிறகு 10, 20, 40 என்று கூட்டிக்கொண்டே போனார். நாற்பது கொடுத்தபோதும் கணிப்பு ஐந்தில் நின்ற இடத்திலேயே நின்றது. அவர்களுடைய தன்னம்பிக்கை மட்டும் ஏறக்குறைய இரு மடங்காகிவிட்டது. கிண்டியில் முழுப் புத்தகத்தையும் அடிக்கோடிட்டுப் படித்தவர் ஏன் மற்றவர்களைவிடச் சத்தமாகப் பேசினார் என்பதற்கு அறிவியல் விளக்கம் இவ்வாறு கிடைக்கிறது.

மூன்றாவது அளவை உரை, அதாவது டிப்ஸ். இங்கே உரையாசிரியர்களிடையே பூசல் உண்டு. உரை என்பது ஆப்தர் வாக்கு. நேரில் அறிந்த நம்பகமானவர் சொல்வது. டிப்ஸோ, குதிரையைத் தேய்த்துவிடும் சைஸ் சொன்னதை, புல் கொண்டுவருபவர் கேட்டு, டீக்கடையில் சொன்னதை, ஒருவர் தம் மச்சானிடம் சொல்ல, அந்த மச்சான் நம் தோளைத் தொட்டுச் சொல்வது. "அண்ணே, நாலாவது ரேஸ், அஞ்சாம் நம்பர். குதிரையே வாயத் திறந்து சொன்ன மாதிரி வெச்சுக்குங்க. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க." இது உரையாகாது, ஐதிகம் என்பார் ஒரு சாரார். இந்த ஆலமரத்தில் பேய் உண்டு என்று வழிவழியாகச் சொல்லிவருவதை அளவை நூலார் ஐதிகம் என்பர். பேயையாவது சிலர் பார்த்திருக்கிறார்கள் என்பது என் கட்சி.

ஆனால் அந்த மச்சான் தம்மையறியாமல் இந்தச் சாத்திரத்தின் உயிர்நாடியைச் சொல்லிவிட்டார்: யார்கிட்டயும் சொல்லிடாதீங்க.

*பலரும் அறிபரி பணம்பெரிது ஈயாது;*
*ஒருவன் அறிவதே உறுபயன் உடைத்தே.*

திடலில் பணம் கட்டும் ஏற்பாடான டோட் வேலை செய்யும் விதம் இது: எல்லோருடைய பணமும் ஒரே குவியல். கிளப்பின் பங்கையும் வரியையும் முதலில் எடுத்துவிட்டு, மிச்சத்தை வென்ற குதிரையில் கட்டியவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார்கள். பாரிஸில் ஜோசப் ஒல்லே என்பவர் 1860-களில் கண்ட ஏற்பாடு. காண்டலும் கருதலும் ஐதிகமும் ஒருங்கே ஒரு குதிரையைச் சுட்டினால் திடல் முழுவதும் அதில்தான் கட்டும். அது ஜெயித்தால் பத்து ரூபாய்க்குப் பதினொன்று வரும். உலகின் பல திடல்களில் ஃபேவரிட் குதிரை மூன்றில் ஒரு பந்தயத்தைத்தான் வெல்கிறது. ஆக, மூன்றில் இரண்டு முறை பத்தை இழந்து, ஒருமுறை ஒரு ரூபாய் சம்பாதிக்கலாம். மற்ற கல்விகளில் கற்றவர் பெருகினால் ஊருக்கு நல்லது. இங்கே பக்கத்தில் நிற்பவர் சரியாகப் படித்திருந்தால் நமக்கு நஷ்டம். உச்ச நீதிமன்றம் சொன்ன திறமை உண்மைதான். அந்தத் திறமை தோற்கடிக்க வேண்டியது குதிரைகளை அல்ல, அதே சான்றிதழை வைத்திருக்கும் மற்ற ஆயிரம் பேரை. அதனால்தான் இந்தத் துறையில் குருகுலம் தோன்றவில்லை. டிப்ஸை இலவசமாகக் கொடுப்பவரைச் சந்தேகிக்க வேண்டும். காசுக்கு விற்பவரை இன்னும் அதிகமாக.

ஒழிபு என்றொரு அளவையும் உண்டு. மற்றவற்றையெல்லாம் தள்ளிவிட்டால் மிஞ்சுவதே விடை. 1967-ல் இங்கிலாந்தின் கிராண்ட் நேஷனல் பந்தயத்தில் இருபத்துமூன்றாவது தடுப்பருகே, ஆளில்லாத குதிரை ஒன்று குறுக்கே பாய, ஏறக்குறைய எல்லாக் குதிரைகளும் முட்டி மோதி நின்றுவிட்டன. வெகு பின்னால் வந்துகொண்டிருந்த ஃபாய்னவன் மட்டும் ஓர் இடைவெளியைக் கண்டு தாண்டிப் போய் வென்றது. ஒன்றுக்கு நூறு விலை. அதன் சொந்தக்காரரே திடலுக்கு வரவில்லை. ஒழிபு அளவையை இவ்வளவு துல்லியமாகக் கையாண்ட அறிஞர் அந்தக் குதிரை ஒன்றுதான்.

தோற்றபின் பயன்படும் அளவையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. "ஜாக்கி இழுத்துட்டான்" என்ற ஒரே வாக்கியம்.

உச்ச நீதிமன்றத்தின் சான்றிதழுக்கு எதிர்வழக்கு ஒன்று உண்டு. 2023-ல் திருத்திய ஜிஎஸ்டி சட்டம் குதிரைப் பந்தயத்தைக் காசினோ, சூதாட்டம், லாட்டரி ஆகியவற்றோடு ஒரே வரியில் நிறுத்தியது. அன்றைய விகிதம் 28 சதவீதம். நீதிமன்றம் பிரித்த சொற்களை வரித்துறை மீண்டும் புணர்த்திவிட்டது. திறமைக்குத் தள்ளுபடி கிடையாது.

இனி மாணாக்கர் இலக்கணம்.

*வருவழிக் காசும் மீள்வழிக் காசும்*
*வேறுவேறு பையில் வைப்போன் மாணாக்கன்.*

என்பது, வீடு திரும்பும் பஸ் காசை முதலிலேயே பிரித்து உள்பையில் வைத்துப் பின் குத்திக்கொள்ள வேண்டும் என்றவாறு. கடைசிப் பந்தயத்தில் மக்கள் ஃபேவரிட்டை விட்டுவிட்டு, விட்டதையெல்லாம் ஒரே அடியில் பிடிக்கப் பெருவிலைக் குதிரையில் கட்டுகிறார்கள் என்று அமெரிக்கத் திடல்களை ஆராய்ந்தவர்கள் 1950-களிலேயே எழுதியிருக்கிறார்கள். அந்தப் பின் சரியாக எந்த நிமிடத்தில் கழற்றப்படும் என்பது மூலத்தில் இல்லை. கடைசிப் பந்தயத்துக்கு மணி அடித்தவுடன் என்பது உரை.