அண்ணாவியாருக்கு ஒரு முகவர்

மேல்நாட்டில் பாட்டுக்காரருக்கு நிகழ்ச்சி பிடித்துக் கொடுக்கவே முகவர் இருக்கிறாராம். வரும்படியில் 10, 15 வீதம் அவருக்காம். முல்லைத்தீவில் கோவலன் கூத்துக்கு மத்தளம் அடிக்கிற அண்ணாவியாரிடம் இதைச் சொன்னால், பொன்னாடையில் 15 வீதம் எத்தனை முழம் என்று கேட்பார்.

வற்றாப்பளை அம்மன் கோயில் வைகாசிப் பொங்கலுக்கு முகவர் தேவையில்லை. திகதியை அம்மாளே பார்த்துக்கொள்ளுவா. சிக்கல் மிச்ச நாள்களுக்குத்தான். பண்பாட்டு விழாவுக்குக் கூப்பிடுவார்கள்: விடிய விடிய ஆடும் கூத்தைப் 10 நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும், அதுவும் பிரதம விருந்தினர் வந்த பிறகு. அவர் வரும்வரை கோவலனும் கண்ணகியும் ஒப்பனையோடு வேர்த்துக்கொண்டு நிற்பார்கள். கூலி? பொன்னாடையும் சான்றிதழும். கலியாண வீட்டு டீஜேக்கு மட்டும் முற்பணம்.

விழாக்காரரே, மத்தளமும் பஸ்ஸில்தான் வருகிறது. பொன்னாடைக்கு முதல் பஸ் காசைக் கொடுங்கள்.