கம்பி மாட்டறதுக்கு முந்தி, கண்ணு

வா கண்ணு, வா. நீ வர்றதுக்கு முந்தியே உன்ற ஜீப்பு சாஞ்சு எட்டிப் பாத்துருச்சு. வேப்பமரத்துத் திருப்பத்துல அது பணிஞ்ச பணிவைப் பாத்துட்டு, கும்பிடு போடுதாட்ட இருக்குதுன்னு நானும் ஒரு கும்பிடு போட்டேன். உக்காரு. அமுச்சி மோரு கொண்டாருவா.

என்னது, ஸ்டெபிலைசர் பார் மாட்டப் போறியா? தாராளமா மாட்டு சாமி. வேண்டாங்கறதுக்கு நான் ஆரு? முப்பது வருசம் வால்பாறை எஸ்டேட்டுல ஜீப்பு ஓட்டுனவன், அவ்வளவுதான். ஆழியாத்துல இருந்து 40 கொண்டை ஊசி. ஏறும்போது ரேசன் மூட்டை, எறங்கும்போது பிரசவக்காரி. எங்க வண்டில அந்தக் கம்பியும் கெடையாது, ஒரு கருமமும் கெடையாது. அதுக்காக நாங்க பெரிய கெட்டிக்காரங்கன்னு சொல்ல வரலை. மெதுவா ஓட்டுனோம். அந்தச் சாமான் கடையில கெடைக்காதுங்கறதால உனக்குத் தெரியாமப் போச்சு.

நீ வாங்குனது எம்.எம். 540. முன்னால ரெண்டு, பின்னால ரெண்டுன்னு நாலு பக்கமும் கமான் பட்டை. அது பாட்டுக்குச் சிவனேன்னு நின்னுட்டிருந்துச்சு. நீ உட்டயா? நீளமா சேக்கிள் போட்டு வண்டியத் தூக்குன. யானைக்கால் மாதிரி டயரு போட்ட. மேல ஒரு கேரியரு. கேரியர்ல ரெண்டாவது ஸ்டெப்னி, ஒரு ஏணி, ரெண்டு தண்ணிக் கேனு, ஒரு மம்பட்டி. பாலைவனத்துக்கா போற? போறது பொள்ளாச்சிச் சந்தைக்கு. ஒசத்தறதுக்கு ஒரு செலவு, ஒசந்தது சாயுதேன்னு இன்னொரு செலவு. பட்டறைக்காரன் புள்ளைக்கு இந்த வருசம் காலேஜு பீஸு உன்ற கணக்குல போகுது. புண்ணியந்தான்.

வைக்கோல் வண்டி பாத்திருக்கறயா? ரெண்டு ஆளு ஒசரத்துக்கு ஏத்திட்டு வாய்க்கா மேட்டுல போனா, பக்கத்துல நடக்கறவன் தள்ளி நடப்பான். சக்கரத்து அகலம் எவ்வளவு, பாரத்தோட நடு எவ்வளவு ஒசரத்துல நிக்குது, ரெண்டுக்கும் உள்ள கணக்குதான் கவுறதும் கவுறாததும். நீ மாட்டற கம்பி சாயறதைக் கொறைக்கும், ஒசரத்தைக் கொறைக்காது. இன்னொண்ணு கேளு. இப்ப வண்டி சாயுது, உனக்குப் பயம் வருது, பிரேக்குல கால் போகுது. கம்பி மாட்டுனா சாயாது, பயம் வராது, இன்னும் முறுக்குவே. பொறவு ஒரு நாள் வண்டி சொல்லாமக் கொள்ளாமப் படுத்துக்கும்.

அந்தக் கம்பி என்ன பண்ணுதுன்னு தெரியுமா? தெரியாதா. இந்தா, இந்த ஈரத்துண்டு. ஒரு முனைய நீ புடி, ஒரு முனைய நான் புடிக்கறேன். ரெண்டு பேரும் ஒட்டுக்கா ஒரே பக்கமாத் திருப்பினா துண்டு சும்மா சுத்துது, பாரு. இப்ப நீ மட்டும் திருப்பு. முறுக்கிக்குதா? என்ற கையவும் சேத்து இழுக்குதா? அதான், அவ்வளவுதான். ரெண்டு சக்கரமும் ஒட்டுக்கா வேகத்தடை ஏறுனா கம்பி தூங்கும். ஒரு சக்கரம் மட்டும் மேல போனா, முறுக்கிக்கிட்டு அடுத்த சக்கரத்தையும் கூடவே இழுக்கும். ரோட்டு வளைவுல இது நல்லதுதான். வண்டி படுக்கப் பாக்கறப்ப அக்கட்டச் சக்கரத்தைப் புடிச்சு நிறுத்துது.

காட்டுக்குள்ள? ஒரு சக்கரம் பாறை மேல ஏறுது, இன்னொண்ணு பள்ளத்துல தொங்கோணும். கம்பி உடாது. தூக்கிப் புடிச்சுக்கும். தரையில படாத சக்கரம் காத்துல சுத்தும், டிஃபரன்ஷியல் இருக்கற சக்தி எல்லாத்தையும் அதுக்கே தானம் பண்ணும். நீ எறங்கி நின்னு போட்டோ எடுப்பே. அதனால காட்டுக்குப் போற வண்டின்னா, கம்பியோட லிங்க்கைக் கழட்டி மேல கட்டி வெக்கற மாதிரி மாட்டோணும். திரும்பி ரோட்டுக்கு வந்ததும் மறக்காம மாட்டோணும். மறக்க மாட்டியா? போன வாரம் ஹேண்ட் பிரேக் போட்டுட்டே மூணு கிலோமீட்டர் வந்தவன் நீதானே?

நீ போன்ல காட்டுனியே, வெள்ளைக்காரன் ரேஞ்ச் ரோவரு. அது 1970ல வந்தப்ப காயில் ஸ்பிரிங்கு. மேடு பள்ளத்துல மெத்தை மாதிரி போகும், வளைவுல படகு மாதிரி சாயும். கம்பி கெடையாது. 20 வருசம் கழிச்சு 1990ல, அதை உருவாக்குன ஸ்பென் கிங் பேருல சி.எஸ்.கே.ன்னு 200 வண்டி உட்டப்பத்தான் கம்பி மாட்டுனாங்க. கிரிக்கெட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை, மூஞ்சியத் திருப்பாதே. செஞ்சவனுக்கே 20 வருசம் யோசனை. உனக்கு ஒரு ஞாயித்துக்கெழமை போதுமாக்கும்.

சரி, வா. வண்டிக்கடியில படு. வெள்ளைச் சட்டையா? அப்ப நான் படுக்கறேன், நீ டார்ச்சு புடி. இந்தா, சேக்கிள் புஷ்ஷு. ஸ்க்ரூ டிரைவர் வெச்சு நெம்புனா ரப்பரு பொடிப்பொடியாக் கொட்டுது, வறுத்த காப்பிப் பொடியாட்ட. ஷாக் அப்சர்பர்ல எண்ணெய் வழிஞ்சு மண்ணு அப்பியிருக்குது. யு போல்ட்டு நட்டு என்ற கையிலயே சுத்துது. கையில, சாமி! டயர்ல காத்து எவ்வளவு வெச்சிருக்கறே? தெரியாதா. நல்லது. சாயற சாய்மானத்துல பாதி இங்கதான் கெடக்குது. இத்தனையும் மாத்தி, ஒரு வாரம் ஓட்டிப் பாத்துட்டு, அப்பவும் சாஞ்சா கம்பிக்கு வா.

அப்பவாவது கவனி. 20 எம்.எம். கம்பிக்குப் பதிலா 25 போட்டா, கால்வாசிதான் எச்சுன்னு நெனைப்பே. வெறைப்பு கிட்டத்தட்ட ரெண்டரை மடங்கு ஆயிப்போகும். தடிக்கம்பிய முன்னால மட்டும் போட்டா, நீ ஸ்டியரிங்கைத் திருப்புனாலும் வண்டி நேரா வேலிக்குப் போகும். பின்னால மட்டும் போட்டா வாலு வீசும். மழை நாள்ல அது இன்னும் வெவகாரம். பிரேக் ஓசுலயும் ஸ்டியரிங் ராடுலயும் கம்பி ஒரசாம இருக்குதான்னு, சக்கரத்தை முழுசா ஒடிச்சும் ஜாக்கி வெச்சு ஏத்தி எறக்கியும் பாரு. பிராக்கெட்டு பத்த வெக்கற எடத்துல சேஸிஸைச் சுத்தியல்ல தட்டிப் பாரு. டங்குன்னா சரி, சொத்துன்னா துரு. பத்த வெக்கறதுக்கு முந்தி பேட்டரி ஒயரைக் கழட்டு.

உன்ற சிநேகிதன் எவனோ கட்டடத்துக் கம்பிய வளைச்சுத் தர்றேன்னானாமே? அவன் கிட்டச் சொல்லு, அது ஒரு தடவை முறுக்குனா அப்படியே நின்னுக்கும், திரும்பி வராது. இதுக்கு வேணுங்கறது ஸ்பிரிங் எஃகு. வாங்குன கம்பியச் சூடு பண்ணி வளைக்கவும் கூடாது, அதும் மேல வெல்டிங்கும் வெக்கக் கூடாது. முறுக்கு போயிரும்.

ஆர்.டி.ஓ. ஆபீசுலயும் ஒரு வார்த்தை கேட்டுக்க. 1988 மோட்டார் வாகனச் சட்டத்துல 52ஆம் பிரிவுன்னு ஒண்ணு இருக்குது, கம்பெனி குடுத்ததை இஷ்டத்துக்கு மாத்தக் கூடாதுன்னு. நீ ஏற்கெனவே மாத்துன மாத்தத்துக்கு, ரீ-ரிஜிஸ்ட்ரேசனுக்குப் போறப்ப வண்டியப் பாத்து இன்ஸ்பெக்டரே கும்பிடு போடுவாரு.

மோரைக் குடி. புஷ்ஷும் ஷாக்கும் நாளைக்கு வாங்கிக்கலாம். கேரியரை மட்டும் இன்னைக்கே எறக்கிப் போட்டுட்டுப் போ. வண்டிக்கும் நல்லது, கோழிக்கூண்டுக்கு மூடி இல்லாம ரெண்டு மாசமா அமுச்சி என்னை வஞ்சுட்டே இருக்கறா.