கடைசி வரிசை பத்திரமில்லை

பெய்ஜிங்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

இந்தக் கடிதம் முதுகுவலிக்காகத் தாய்சி என்ற சீனப் பயிற்சியைக் கற்கப் போன ஒரு திருச்சிக்காரரைப் பற்றியது. பெயர் வேண்டாம், சின்ன வயதில் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு மலைக்கோட்டை ஏறியவர் நீங்கள்தான்.

அவர் போய்ச் சேர்ந்த இடம் தியான்தான் என்கிற வானக் கோயில் பூங்கா. மிங் பேரரசர் யோங்லே காலத்தில், 1420-இல் கட்டி முடித்தது. அரசர்கள் இங்கே நல்ல விளைச்சல் கேட்டு வானத்தை வணங்கினார்கள். இப்போது ஓய்வுபெற்றவர்கள் நல்ல முழங்கால் கேட்டு வருகிறார்கள். விடிந்ததும் சைப்ரஸ் மரங்களுக்கு அடியில் ஒரு கூட்டம் பாடும், ஒரு கூட்டம் ஆடும். தாத்தா ஒருவர் நீளமான தூரிகையைத் தண்ணீரில் தோய்த்துத் தரையில் சீன எழுத்துகளை எழுதுவார், காய்ந்ததும் மறுபடி எழுதுவார். இத்தனை அமளிக்கும் நடுவில் தாய்சிக்காரர்கள் மட்டும் வோல்டேஜ் குறைந்த மின்விசிறி மாதிரி அசைந்துகொண்டிருப்பார்கள்.

டீச்சரம்மா எழுபதைத் தாண்டியவர். விளக்கமெல்லாம் கிடையாது. அவர் செய்வார், மற்றவர்கள் அவர் முதுகைப் பார்த்துச் செய்ய வேண்டும். நம்மவர் சமர்த்தாகக் கடைசியில் போய் ஒளிந்துகொண்டார். அங்கே செய்யும் தாய்சித் தொடரின் 24 அசைவுகளில் ஏழாவது, சிட்டுக்குருவியின் வாலைப் பிடிப்பது, இடப்பக்கமாகச் செய்வது. எட்டாவதும் அதே வால்தான், ஆனால் வலப்பக்கம். மொத்தக் கூட்டமும் எதிர்ப்பக்கம் திரும்ப, கடைசி ஆள் முதல் ஆளாகிவிட்டார். டீச்சரம்மா இப்போது அவர் முதுகுக்குப் பின்னால். எதிரே ஒரு சைப்ரஸ் மரம். அது எதையும் சொல்லித் தருவதாக இல்லை. புதியவர்களை நடுவில் நிறுத்துவது அதனால்தான். எந்தப் பக்கம் திரும்பினாலும் காப்பியடிக்க ஒரு முதுகு கிடைக்கும்.

மெதுவாகச் செய்வது சுலபம் என்று நினைக்காதீர்கள். வேகமாகப் போகிறவன் தள்ளாட்டத்தை மறைத்துவிடலாம். இங்கே உடம்பின் எடை முழுக்க ஒரு காலுக்குப் போன பிறகுதான் மறுகால் எழும்ப வேண்டும். முட்டி கால்விரலைத் தாண்டக் கூடாது, தோள் தளர்ந்திருக்க வேண்டும். பார்ப்பவர்களுக்கு நிம்மதி, செய்பவரின் தொடைக்கு நடுக்கம்.

இது அடிப்படையில் சண்டைக்கலை என்றால் நம்புவீர்களா? ஹெனான் மாகாணத்தில், சென் குடும்பத்தாரின் கிராமத்தில் வளர்ந்தது. அங்கே கற்று, 19-ஆம் நூற்றாண்டில் பெய்ஜிங் வந்து சொல்லிக்கொடுத்த யாங் லூசானுக்கு 'தோற்காத யாங்' என்றே பட்டம். அந்த யாங் மரபின் நீண்ட தொடரைத்தான் 1956-இல் அரசின் விளையாட்டு ஆணையம் 24 அசைவுகளாகச் சுருக்கியது. ஐந்தாறு நிமிடத்தில் முடிந்துவிடும், காபி ஆறுவதற்குள்.

நீங்கள் ஆதாரம் கேட்பீர்கள் என்று தெரியும். பார்கின்சன் நோயாளிகள் 195 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2012-இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்தது. 24 வாரம் தாய்சி செய்தவர்களுக்கு, தசைகளை நீட்டும் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிடச் சமநிலை கூடியது, விழுவதும் குறைந்தது. முதுகுவலியைப் பற்றி அந்த ஆய்வு பேசவில்லை. நம்மவரும் இன்னும் பேசவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 2015 மே மாதம் மோடி வந்தபோது சீனப் பிரதமர் லி கெச்சியாங்குடன் இதே தியான்தானில் யோகாவும் தாய்சியும் சேர்ந்த நிகழ்ச்சியைப் பார்த்தார். அன்றிலிருந்தோ என்னவோ, இந்தியர் என்றால் பத்மாசனத்தில் பிறந்தவர் என்று இங்கே ஒரு முடிவு. டீச்சரம்மா கட்டணம் வாங்க மறுத்துவிட்டார். பதிலுக்கு வரும் ஞாயிற்றுக்கிழமை எல்லோருக்கும் சூரிய நமஸ்காரம் சொல்லித்தர வேண்டுமாம். நம்மவரோ பள்ளிக்கூடத்தில் யோகா பீரியடில் கிரிக்கெட் ஆடியவர். சித்தியிடம் சொல்லி, பன்னிரண்டு நிலைகளையும் வரிசையாகச் செய்து வீடியோ அனுப்பச் சொல்லுங்கள். சனிக்கிழமை ராத்திரிக்குள் வந்துவிட்டால் நல்லது. முதுகுப் பக்கமிருந்து எடுத்தால் இன்னும் நல்லது.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்