மைதானத் திருப்பணி

எங்கள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியின் விளையாட்டு மைதானத்தைச் சீர்திருத்துவதற்கென்று கூடிய பழைய மாணவர் சங்கத்துக் கமிட்டியானது, சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை தொடங்கிப் பகல் போஜன வேளை தாண்டும் வரையில் விவாதித்து, மைதானத்தில் முதல் கூடை மண்ணை எந்த மூலையில் கொட்டுவது என்ற அற்ப விஷயத்தை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்து, அங்கே நாட்டப்படவிருக்கும் கல்வெட்டு கறுப்புக் கிரானைட்டில் அமைய வேண்டும் என்றும், எழுத்துக்கள் தங்க நிறத்தில் மின்ன வேண்டும் என்றும் இரண்டு தீர்மானங்களை ஏகமனதாக நிறைவேற்றிக் கொண்டு கலைந்தது. அங்கே பரிமாறப்பட்ட போண்டா எனக்கு இன்னும் ஜீரணமாகவில்லை. தீர்மானங்களைப் பற்றிக் கேட்க வேண்டாம்.

அந்தக் கமிட்டியில் எனக்கு ஆலோசகர் என்று ஒரு ஸ்தானம் உண்டு. படிக்கிற காலத்தில் கபடிக் கோஷ்டியில் எனக்கு இருந்த ஸ்தானமும் ஏறக்குறைய இதுதான்: கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து, உள்ளே ஆடுகிறவர்களின் சட்டைகளை மடியில் வைத்துக் காவல் காத்து, யாருக்காவது கால் பிசகாதா என்று வெளியே சொல்லக் கூடாத ஒரு பிரார்த்தனையுடன் ஆட்டம் முடியும் வரையில் காத்திருப்பது. மைதானத்தைப் பற்றிப் பேச உமக்கு என்ன யோக்கியதை என்று யாராவது கேட்டால், அந்த மைதானத்தை உட்கார்ந்து பார்த்தவர்களில் என்னைவிட அனுபவசாலி இல்லை என்றே பதில் சொல்லுவேன்.

மைதானத்தின் நிலைமையை வாசகர்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. அவரவர் ஊர் மைதானத்தை நினைத்துக் கொண்டால் போதும். எங்களுடையது காவிரிப் படுகைக் களிமண். கோடையில் பாளம் பாளமாக வெடித்து, உருண்டு வரும் பந்தை விழுங்கும். ஐப்பசி பிறந்து பருவமழை ஆரம்பித்துவிட்டாலோ, தண்ணீர் மார்கழி வரையில் வற்றாமல் நின்று, கோலடிக்க வந்த பையன்கள் தூண்டில் போட்டுக் கெளுத்தி பிடிக்கிற க்ஷேத்திரமாக மாறிவிடும். வாசலில் ஓடும் சாலையைப் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் தலைமேலேயே மறுபடி மறுபடி தார் கொட்டி உயர்த்தியதில், ஒரு காலத்தில் சாலைக்கு மேலாக இருந்த மைதானம் இப்போது முழங்கால் அளவு கீழே போய், ஊர்த் தண்ணீர் முழுவதும் தலைத் தீபாவளிக்கு மாமனார் வீட்டுக்கு வருவதுபோல் சகல உரிமையோடும் அங்கே வந்து தங்குகிறது. தவிர, கிழக்கே புளிய மரத்தை நோக்கி ஒரு சரிவு. ஓடும் திசையில் ஆயிரம் மீட்டருக்கு ஒரு மீட்டருக்கு மேல் இறக்கம் கூடாது என்பது சர்வதேச விதி. எங்கள் பள்ளியின் நூறு மீட்டர் ஓட்டச் சாதனைகளோ யாவும் புளிய மரத்தை நோக்கி ஓடிச் செய்யப்பட்டவை. குறுவட்டப் போட்டிக்குப் போகிற எங்கள் வீரர்கள், அங்கே பூமி மட்டமாக இருப்பதைக் கண்டு திகைத்துப் பின்தங்குவது இதனால்தான்.

இவ்வளவுக்கும் ஒரே பரிகாரம் வடிகால். வடிகாலின் தத்துவத்தைப் பற்றிச் சவிஸ்தாரமாக எழுத வேண்டும் என்ற உத்தேசத்துடனேயே இந்தக் கட்டுரையை ஆரம்பித்தேன். அதற்கு முன்னால் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் மனம் நிம்மதியாகும்.

பணத்துக்கு வழியில்லை என்று எவரும் சொல்ல முடியாது. ஜனங்கள் மூன்றில் ஒரு பங்கு திரட்டினால் மிச்சத்தைச் சர்க்கார் போடுகிற 'நமக்கு நாமே' திட்டம் இருக்கிறது. பாராளுமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி இருக்கிறது. 1993-இல் பிறந்த அந்த நிதி நாளொரு மேனியாக வளர்ந்து, உறுப்பினர் ஒருவருக்கு வருஷத்துக்கு 5 கோடி ரூபாய் என்ற பருவத்தை எய்தியிருக்கிறது. நிலைத்து நிற்கும் பொதுச் சொத்துக்களை உண்டாக்குவதே அதன் நோக்கம். முடித்த வேலையின் அருகில், இன்ன திட்டம், இன்ன செலவு, இன்ன உறுப்பினர் என்று பொறித்த பலகை ஒன்றை நிரந்தரமாக நிறுத்த வேண்டும் என்பதும் அதன் விதிகளில் சேர்ந்ததே. ஆகவே, கல்வெட்டு மோகத்தை எங்கள் கமிட்டியின் தனிப் பைத்தியம் என்று சொல்லிவிட முடியாது. அது ராஜாங்க முத்திரை பெற்றது. புல்லுக்குத் தண்ணீர் விடுகிறவனுடைய மாதச் சம்பளம் நிலைத்து நிற்கும் சொத்தாகுமா? ஆகாது. அவன் அதை மாதா மாதம் சாப்பிட்டுவிடுகிறான்.

தனிப்பட்ட தர்மப் பிரபுக்களும் முன்வராமல் இல்லை. ஒருவர் நுழைவாயில் வளைவு கட்டித் தருகிறேன் என்றார், ஒருவர் கொடிமேடை, ஒருவர் தகப்பனார் ஞாபகார்த்தமாகக் குடிதண்ணீர்த் தொட்டி, இன்னொருவர் கலையரங்கம். மைதானத்தில் ஏற்கெனவே இரண்டு கலையரங்கங்கள் இருக்கின்றன. மூன்றாவதும் எழும்பினால் பையன்களுக்கு ஓட இடமிராது, ஓட்டத்தைப் பற்றி நாடகம் வேண்டுமானால் போடலாம். செங்குத்தாக நிற்கக்கூடிய வஸ்து எதுவானாலும் அதற்கு ஒரு புரவலர் உண்டு. படுத்துக் கிடக்கிற வஸ்துவுக்கு நாதியில்லை. மண்ணடிக்கவும் வாய்க்கால் வெட்டவும் ஒருவரும் கை தூக்காததற்குக் காரணம், அவற்றின்மேல் பெயர் எழுத முடியாது என்பதைத் தவிர வேறு என்ன?

டல்லாஸில் வாசம் செய்யும் பழைய மாணவர் ஒருவர், அங்கே நள்ளிரவு நெருங்கும் அந்த வேளையிலும் கைப்பேசித் திரையில் பிரசன்னமாகி, மண் வேலையெல்லாம் பழங்காலத்து விவகாரம், சிந்தெட்டிக் ஓடுபாதையே போட்டுவிடுவோம் என்றார். ஒலிம்பிக் பந்தயங்களில் முதன்முதலாக 1968-இல் மெக்ஸிகோவில் விரிக்கப்பட்ட அந்தச் செயற்கைத் தரை எங்கள் ஊருக்கு வந்து சேர இவ்வளவு கால தாமதமாயிற்றே என்று அக்கிராசனர் நாத் தழுதழுத்தார். 400 மீட்டர் பாதை, எட்டுத் தடங்கள், தடத்துக்கு 1.22 மீட்டர் அகலம் என்று வைத்துக் கொண்டால், ஏறக்குறைய 177 மீட்டர் நீளமும் 93 மீட்டர் அகலமும் வேண்டுமே, நம் மைதானத்தில் அதைப் போட்டால் வளைவு தலைமை ஆசிரியர் அறைக்குள் புகுந்து வெளியேறுமே என்றேன். ஆலோசகரின் அபிப்பிராயம் குறிப்பேட்டில் பதிவு செய்யப்பட்டது.

மண்ணின்மேல் பெயர் எழுத முடியாது என்று சொன்னேன் அல்லவா? எழுதியவர் ஒருவர் இருந்தார். ஜில்லா போர்டு ஹைஸ்கூலாக அது இருந்த காலத்தில், பக்கத்துக் கிராமத்து மிராசுதார் ஒருவர், தரையைச் சமன் செய்வதற்கென்று ஒரு பெரிய கல் உருளையைத் தானம் செய்தார். படுத்துக் கிடக்கிற பூமிக்காக எங்கள் ஊரில் கொடுக்கப்பட்ட நன்கொடை, அன்று முதல் இன்று வரையில், அது ஒன்றே. பெயரை எங்கே வெட்டுவது என்ற பிரச்னை அப்போதும் எழுந்தது. இரும்பு அச்சு பொருந்தும் பக்கவாட்டு முகத்தில் வெட்டலாம் என்று கல்தச்சன் சொன்னானாம். அங்கே வெட்டினால் உருளும்போதெல்லாம் தம் பெயர் தலைகீழாகக் கரணம் போடும், அது தமக்குக் கௌரவக் குறைவு என்று மறுத்த மிராசுதார், உருளையின் வயிற்றிலேயே, ஊர், தகப்பனார் பெயர், பட்டம் யாவும் அடங்க நாலு வரியில் ஆழமாக வெட்டச் சொன்னார்.

விளைவை அவரும் எதிர்பார்க்கவில்லை, கல்தச்சனும் எதிர்பார்க்கவில்லை. ஈரக் களிமண்ணில் உருளையை இழுத்ததும், சுற்றுக்கு ஒரு தரம் அவருடைய நாமதேயம் அச்சடித்தாற்போல் தரையில் பதிந்தது. அதுவும் இடம் வலமாக மாறி. கல்லில் குழிந்த எழுத்துத் தரையில் புடைத்து எழும் ஆகையால், சமன் செய்ய வந்த உருளையால் மைதானம் முழுவதும் வரிசை வரிசையாக மேடு தட்டிற்று. மழை விட்டு வெயில் ஏறியதும் அந்த எழுத்துக்கள் சுட்ட ஓடுபோல் இறுகின. அவற்றின்மேல்தான் நாங்கள் வெறுங்காலோடு ஓடினோம். மிராசுதாரின் பட்டத்தில் இருந்த ஒரு ணகரத்தின் சுழியில் கட்டைவிரல் மாட்டிக் கொண்டு, எங்கள் வகுப்பின் அதிவேக ஓட்டக்காரன் முன்பல்லை இழந்தான்.

தம் பெயரைக் கண்ட பயல்கள் மிதிக்கிறார்கள் என்று மிராசுதார் ஆட்சேபம் தெரிவித்ததாகவும், மிதிக்காமல் விளையாடும் உபாயத்தைத் தெரிவிக்கும்படி தலைமை ஆசிரியர் விநயமாகக் கடிதம் எழுதியதாகவும், மிதிக்கலாம், ஆனால் செருப்புக் காலோடு கூடாது என்று பதில் வந்ததாகவும் கர்ணபரம்பரை. எழுத்துக்களைக் கல்லில் மாற்றி வெட்டிவிட்டால் தரையில் நேராக விழும் என்று தமிழ்ப் பண்டிதர் யோசனை சொன்னார். அப்படியானால் கல்லில் மாறித் தெரியுமே, பிரதானம் கல்லா மண்ணா என்று கணக்கு வாத்தியார் எதிர்க்கேள்வி போட்டார். கல்லே நித்தியம், மண்ணில் விழுவது பிரதிபிம்பம் என்று ஒரு கட்சியும், பிம்பத்தைப் பார்க்கிறவர்கள்தானே ஜாஸ்தி என்று இன்னொரு கட்சியுமாக ஆசிரியர்கள் அறையில் நடந்த வாதத்தில், இரண்டு பேர் பேச்சு வார்த்தை நின்று போனதாக டிரில் மாஸ்டர் எங்களிடம் சொல்லியிருக்கிறார். முடிவில் அவரே உருளையைச் சுற்றிச் சாக்கைக் கட்டி இழுத்துப் பார்த்தார். பெயர் மறைந்து, சாக்கின் பின்னலும், உர வியாபாரியின் முத்திரையும் பதிந்தன. கண்ணாடி எழுத்தை வாசிக்க நான் பழகியது அந்த மைதானத்தில்தான். பள்ளியில் கற்றவற்றுள் இன்றைக்கும் உபயோகப்படுவது அந்த வித்தை ஒன்றே. எதிரே வரும் ஆம்புலன்ஸின் நெற்றியைத் தடுமாறாமல் வாசித்துவிடுவேன்.

அந்த உருளை இப்போது வேப்ப மரத்தடியில் பாதி புதைந்து கிடக்கிறது. பெயருள்ள பக்கம் பூமிக்குள் போய்விட்டது என்பதே மிராசுதாரின் பேரருடைய மனக்குறை. அவரும் கமிட்டியில் அங்கத்தினர். கிரேன் வைத்து உருளையைத் தோண்டி எடுத்து, பீடம் கட்டி, பேவர் பிளாக் பதித்து, பெயர் சாலையைப் பார்க்கும்படி நிறுத்திச் சுற்றிலும் கம்பிவேலி போட வேண்டும் என்று அவர் கொண்டுவந்த பிரேரணை, நீண்ட விவாதத்துக்குப் பின் ஏற்றுக் கொள்ளப்பட்டது. உருளையைப் பீடத்தில் ஏற்றிவிட்டால் தரையை எதைக் கொண்டு உருட்டுவது என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அதையும் குறிப்பேட்டில் பதிவு செய்திருப்பார்கள்.

என் முகத்தைக் கண்டு பரிதாபப்பட்டோ என்னவோ, ஓய்வு பெற்ற சரித்திர ஆசிரியர் ஒருவர், ராஜராஜ சோழனே பெயர் வெட்டிக் கொள்ளவில்லையா என்று சமாதானம் சொன்னார். வாஸ்தவந்தான். தஞ்சைப் பெரிய கோயிலில் தான் கொடுத்தவை, தமக்கை கொடுத்தவை, தேவியர் கொடுத்தவை, மற்றவர்கள் கொடுத்தவை எல்லாவற்றையும் கல்லில் வெட்டச் சொன்னவன் அவன். ஆனால் அக்காலத்தில் கோயிலுக்கு நந்தா விளக்கு வைத்தவன், விளக்கை மாத்திரம் வைத்துவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. விளக்கு ஒன்றுக்கு 96 ஆடுகள் என்று விட்டு, அவற்றைப் பெற்றுக் கொண்ட இடையர்கள் நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும் என்றும், ஆடு செத்தாலும் மூத்தாலும் கணக்குக் குறையலாகாது என்றும் ஏற்பாடு செய்த பிறகே கல்லில் பெயரைப் பார்த்தான். நம்மவர்கள் கல்வெட்டை எடுத்துக் கொண்டு ஆட்டை விட்டுவிட்டார்கள். ஆடு விட்டால் புல் வெட்டும் செலவாவது மிஞ்சும் என்று சொன்னேன். "புல்லு எங்க ஐயா இருக்கு?" என்றார் பின்வரிசையில் அமர்ந்திருந்த உடற்கல்வி ஆசிரியை.

அந்த அம்மாள் கையில் ஒரு காகிதத்தை மடித்து வைத்துக் கொண்டு காலையிலிருந்து காத்திருந்தார். கோ-கோ ஆடும் பெண்பிள்ளைகள் குறுவட்டத்தில் ஜயித்து மாவட்டப் போட்டி வரையில் போனவர்கள். அவர்களுக்கு 27 மீட்டருக்கு 16 மீட்டர் இடத்தைச் செம்மண் அடித்து உயர்த்தி, இரண்டு மரக் கம்பங்கள் நட்டுக் கொடுத்தால் போதும் என்பதே காகிதத்தின் சாரம். "செம்மண்ணு மட்டும் அடிச்சுக் குடுத்துடுங்க ஐயா, மத்தத புள்ளைங்களே பாத்துக்குவாங்க" என்றார். கம்பம் என்ற சொல் காதில் விழுந்ததும் அக்கிராசனர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"கம்பம் எவ்வளவு ஒசரம் டீச்சர்?"

"நாலடிங்க ஐயா."

"பருமன்?"

"பத்து சென்டிமீட்டர் இருக்குங்க."

அக்கிராசனர் சற்றுநேரம் காற்றில் விரலால் எழுதிப் பார்த்தார். மேலிருந்து கீழாக எழுதினாலும் இனிஷியலோடு அடங்காது என்று தெரிந்ததும், அடுத்த விஷயத்துக்குப் போகலாம் என்றார்.

அடுத்த விஷயம், கல்வெட்டில் பெயர்களின் வரிசைக் கிரமம். தொகையின்படியா, அகர வரிசைப்படியா, படித்து முடித்த வருஷத்தின்படியா என்பதற்கு ஓர் உபகமிட்டி நியமனமாயிற்று. நான் கொடுத்த சொற்பத் தொகைக்குக் கடைசிக்கு முந்திய வரி கிடைத்திருக்கிறது. பெயரெல்லாம் எதற்கு என்று சபையில் சம்பிரதாயமாக மறுத்துவிட்டு வந்து, இனிஷியலில் ஊர்ப் பெயரை விட்டுவிட்டதற்காகக் காரியதரிசியுடன் மறுநாள் டெலிபோனில் சண்டை போட்டேன்.

அடிக்கல் நாட்டு விழாவுக்கு முகூர்த்தம் குறித்தாகிவிட்டது. மைதானத்தின் நடுவே பந்தல், பந்தற்காலுக்குக் குழி, நாற்காலி லாரி உள்ளே வருவதற்காக மேற்கு மூலையில் சுவர் இடிக்கப்படும். கோ-கோ பெண்கள் இரண்டு வரிசையாக நின்று, சந்தனப் பேலாவும் பன்னீர்ச் செம்பும் ஏந்திப் பிரமுகர்களை வரவேற்பார்கள். அதுவரையில் தரை கெடாமல் இருக்க வேண்டும் ஆகையால், மாணவ மாணவியர் எவரும் மைதானத்தில் இறங்கலாகாது என்று நேற்றுச் சுற்றறிக்கை ஒட்டியிருக்கிறார்கள். பெண்கள் தங்கள் பயிற்சியை விடியற்காலையில், முதல் பஸ் வருவதற்கு முன்னால், வாசல் சாலையில் வைத்துக் கொள்கிறார்கள். அங்கே தண்ணீர் நிற்பதில்லை.