மழைநாளும் குற்றாலமும்

மழைநாளுக்குச் சேமித்து வை என்கிறது ஓர் ஆங்கில மரபுத்தொடர். மழைநாள் என்றால் கஷ்டகாலமாம். தென்காசிப் பிள்ளைகளும் அப்படியே மனப்பாடம் செய்கிறார்கள். பக்கத்து அருவியூரான குற்றாலத்திலோ தென்மேற்குப் பருவக்காற்று ஜூனில் சாரலைக் கொண்டுவந்தால்தான் விடுதி நிரம்பும். எண்ணெய் தேய்த்துவிடுபவர் முதல் பழக்கடைக்காரர் வரை கையில் காசு புழங்கும். இங்கே சேமிக்க வேண்டியது வெயில்நாளுக்கு. வெள்ளம் வந்தால் மெயினருவியில் குளிக்கத் தடை போடுகிறார்களே, அப்போது மழை கஷ்டம்தானே என்று கேட்கலாம். நியாயம்தான். ஆனால் தடை வெள்ளம் தணியும்வரை; சாரல் பொய்த்தாலோ சீசனே போச்சு. தேர்வில் மதிப்பெண் வேண்டாமா என்பார்கள். வேண்டும், கஷ்டகாலம் என்றே எழுதட்டும். குற்றாலத்து வட்டிக்கடையில் அந்த விடை செல்லாது.