குடிபெயர ஏற்ற ஊர்

2022 மே 10ஆம் திகதி எங்கள் ஊருக்குக் குடிவந்த ஒரு குடும்பத்தைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். குடும்பத் தலைவர் மகிந்த ராஜபக்ச. முதல் நாள்தான் பிரதமர் வேலையை விட்டவர். தங்கியிருந்த அலரி மாளிகையைச் சனம் சூழ்ந்துகொண்டதால் ஹெலிகொப்டரில் ஏறித் திருகோணமலைக் கடற்படைத் தளத்தில் வந்து இறங்கினார். முற்பணம் கேட்க வீட்டுக்காரர் இல்லை. கடல் பார்த்த இடம். வாசலில் துவக்கோடு காவல். வரி, சம்பளம், வாழ்க்கைச் செலவு மூன்றையும் நிறுத்துப் பார்த்துத் திருகோணமலைதான் சரி என்று முடிவெடுத்த குடும்பம் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

அந்த நாட்களில் திருகோணமலை அன்புவழிபுரத்தில் நாங்கள் காஸ் சிலிண்டரைச் சங்கிலியால் கட்டி வரிசையில் வைத்துவிட்டு, பக்கத்தில் பாய் போட்டுக் கிடந்தோம். “தளத்துக்குள்ள காஸ் தட்டுப்பாடு இல்லையாம்” என்று ஒருவர் சொன்னார். சிரிக்கத் தெம்பிருந்தவர்கள் சிரித்தார்கள். மற்றவர்கள் தளத்து வாசலுக்குப் போய்க் கத்தினார்கள்.

இரண்டு மாதத்தில் தம்பியாரும் இடம் பார்க்கக் கிளம்பினார். கோட்டாபய ராஜபக்ச ஜூலை 13ஆம் திகதி விமானப்படை விமானத்தில் மாலைதீவு போனார். பிறகு சிங்கப்பூர், பிறகு தாய்லாந்து. மூன்று நாட்டையும் நேரில் பார்த்துவிட்டுச் செப்டெம்பர் 2ஆம் திகதி திரும்பி வந்தார். வாழ்க்கைச் செலவு கட்டவில்லை போலும்.

எங்கள் வீட்டில் எந்த நாட்டுக்குப் போகலாம் என்ற இந்த ஆராய்ச்சியைச் செய்பவன் என் தங்கச்சியின் மகன். கடை ஒன்றில் கணக்கெழுதுகிறான். கணக்குப் பிள்ளை என்பதால் எல்லாவற்றையும் ஒரு சீ.ஆர். கொப்பியில் கோடு போட்டு எழுதுவான். நாடு, சம்பளம், வரி, அறை வாடகை, போவதற்குச் செலவு, மிச்சம் என்று ஆறு நிரல். ஒரு மாதமாக அந்தக் கொப்பிதான் எங்கள் வீட்டுத் தேவாரப் புத்தகம்.

முதல் பக்கம் கட்டார். வருமான வரி சுழியம். 2021இல் இருந்து குறைந்தபட்சச் சம்பளம் 1,000 ரியால். முதலாளி சோறும் இடமும் தராவிட்டால் சாப்பாட்டுக்கு 300, படுக்கைக்கு 500. எங்கள் காசில் சம்பளம் மட்டும் எண்பதாயிரத்துச் சொச்சம். “வரியே இல்லை மாமா” என்றான். ஏன் இல்லை? போகும் முன்பே கட்டிவிடுகிறோம். சப் ஏஜென்டுக்கு ஒரு வரி, மெடிக்கலுக்கு ஒரு வரி, அம்மாவின் தாலிக்கொடி அடகுக் கடையில் இருக்கும் மட்டும் மாதா மாதம் வட்டி என்று ஒரு வரி. ரசீது மட்டும் தரமாட்டார்கள்.

குடாவுக்கு அந்தப் பக்கம், மூதூரில் இருந்து 2005இல் ஒரு பிள்ளை சவூதிக்கு வீட்டு வேலைக்குப் போனது. வயது 17. பாஸ்போர்ட்டில் 23 என்று போட்டு அனுப்பினார்கள். பராமரித்த குழந்தை இறந்துபோனதற்காக 2013 ஜனவரி 9ஆம் திகதி அங்கே அந்தப் பிள்ளையின் தலையை வெட்டினார்கள். கொப்பியில் இதை எந்த நிரலில் எழுதுவது என்று கேட்டேன். அவன் பக்கத்தைத் திருப்பினான்.

அடுத்தது கனடா. ஒன்டாரியோவில் 2025 ஒக்டோபர் முதல் மணித்தியாலத்துக்கு 17.60 டொலர். மாதம் 160 மணித்தியாலம் பெருக்கினான், ரூபாவுக்கு மாற்றினான், ஆறு இலட்சம் வந்தது. தங்கச்சி கண்ணைத் துடைத்தாள். நான் ஸ்காபரோவில் இருக்கும் சித்தப்பாவின் மகனுக்கு வட்ஸ்அப்பில் எடுத்தேன். “அண்ணை, சம்பளத்தை அன்புவழிபுரக் காசில பெருக்கிறீங்கள், வாடகையை ஏன் பெருக்கேல்ல?” என்றான். வரி, பென்சன், வேலையிழப்புக் காப்புறுதி மூன்றும் கைக்கு வருமுன் போய்விடும்; கடையில் எதைத் தொட்டாலும் 13 வீதம்; மிச்சத்தைப் பேஸ்மண்ட் வாடகை தின்னும். ஆறு இலட்சம் உழைத்து ஆறு இலட்சம் செலவழிக்கலாம், அதற்குக் குளிர் இலவசம் என்றான். இருந்தும் அவன் திரும்பி வரவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கனடாவுக்கு என்று காசு கட்டி 2022இல் ‘லேடி ஆர்3’ கப்பலில் ஏறிய 303 பேரை நினைவிருக்கிறதா? நடுக்கடலில் கப்பல் தாழத் தொடங்க, யப்பான் கப்பலொன்று தூக்கி வியட்நாமில் இறக்கியது. கனடாவுக்குக் காசு கொடுத்து வியட்நாம் பார்த்தவர்கள்.

இங்கிலாந்துப் பக்கம் சின்னது. கிழவர்களைப் பராமரிக்க ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். நம்மவர்கள் அதற்கென்று கோர்ஸ் படித்தார்கள். 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டில் இருந்து ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். கோர்ஸ் நடத்தியவர் வீட்டுக்கு மாடி கட்டிவிட்டார்.

அவுஸ்திரேலியாவுக்கு வரி, சம்பளம் ஒன்றும் தேவையில்லை, ராசி பார்த்தால் போதும். நான் பகிடி விடவில்லை. படகில் வருகிறவர்களைத் தடுக்க அந்த நாட்டு அரசாங்கமே இலங்கையருக்கு ராசிபலன் எழுதி வெளியிட்டது. பன்னிரண்டு ராசிக்கும் பலன் கேடுதான்: போனால் திருப்பி அனுப்பப்படுவாய், இருப்பதை இழப்பாய், கடனாளியாவாய். எங்கள் சாத்திரிமாராவது பரிகாரம் சொல்வார்கள்.

எல்லாம் முடிந்து, “உள்ளூரையும் ஒரு பக்கம் எழுதட்டே மாமா?” என்றான். எழுது தம்பி.

சம்பளம்: தனியார் துறைக்குச் சட்டம் போட்ட குறைந்தபட்சம் 2025 ஏப்ரலில் 27,000 ரூபா, 2026 ஜனவரியில் இருந்து 30,000. வரி: ஒன்றரை இலட்சத்துக்குக் கீழே மாதச் சம்பளம் என்றால் வருமான வரி கிடையாது. அவனுக்கு அந்தக் கவலை இந்தப் பிறவியில் இல்லை. ஆனால் பெறுமதி சேர் வரி 18 வீதம் என்னும் போர்வையை 2024 ஜனவரியில் காஸ், பெற்றோல் வரைக்கும் இழுத்துப் போர்த்திவிட்டார்கள். சவர்க்காரம் வாங்கினால் கட்டு, போனுக்கு ரீலோட் போட்டால் கட்டு. முப்பதாயிரம் எடுப்பவனும் முப்பது இலட்சம் எடுப்பவனும் காஸுக்குக் கட்டும் வரி ஒன்று. இதற்குப் பெயர் சமத்துவம்.

இந்த வரி எப்படி வந்தது? 2019 டிசம்பரில் புதிய ஜனாதிபதி கோட்டாபய பெறுமதி சேர் வரியை 15இல் இருந்து 8 வீதமாகக் குறைத்தார். சம்பளத்தில் பிடிக்கும் வரியையும் எடுத்துவிட்டார். பெரியவர்களுக்குத் தீபாவளி. திறைசேரி காலியானது. 2022 ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று கைவிரித்தார்கள். அந்தத் தீபாவளிக் கணக்கைத்தான் இப்போது சவர்க்காரத்தில் கட்டுகிறோம்.

வரிச்சலுகை தரும் இடம் இந்த நாட்டுக்குள்ளும் உண்டு. கொழும்புத் துறைமுக நகரம். அங்கே 40 வருடம் வரைக்கும் வரிச்சலுகை கொடுக்கலாம், சம்பளத்தை வெளிநாட்டுக் காசில் கொடுக்கலாம் என்று 2021இல் சட்டம் எழுதினார்கள். இலட்சம் டொலர் வைப்பிட்டால் பத்து வருடம் இங்கே இருக்கலாம் என்று 2022 ஏப்ரலில் வெளிநாட்டாருக்கு ஒரு விசாவும் அறிவித்தார்கள். பெயரில் ‘பொன்’னும் உண்டு, ‘சொர்க்க’மும் உண்டு. அந்த மாதம் அந்தச் சொர்க்கத்தில் பால்மாவுக்கு வரிசை.

திருகோணமலைக்கென்று இருப்பதையும் எழுதச் சொன்னேன். உலகம் மெச்சும் இயற்கைத் துறைமுகம். வெள்ளைக்காரன் கட்டிய எண்ணெய்க் குதங்கள் 99. 2022 ஜனவரியில் அவற்றைப் பங்கு பிரித்து 50 வருட ஒப்பந்தம் எழுதினார்கள்: 14 லங்கா ஐஓசிக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இருவரும் சேர்ந்த கம்பனிக்கு. ஐந்து மாதம் கழித்து, அந்தக் குதங்களின் நிழலில் பெற்றோல் வரிசையில் நான் இரண்டு இரவு படுத்தேன். 2025 ஏப்ரலில் இந்தியா, ஐக்கிய அரபு இராச்சியம், இலங்கை மூன்றும் சேர்ந்து எங்கள் ஊரை எரிசக்தி மையமாக்கக் கையெழுத்துப் போட்டன. எல்லாரும் எங்கள் ஊருக்குத்தான் வரப் பார்க்கிறார்கள், நாங்கள் மட்டும் ஏன் வெளியே போகப் பார்க்கிறோம் என்று கேட்டான். கணக்குப் பிள்ளை கேட்க வேண்டிய கேள்வி.

பதில் அரசாங்கத்தின் பேரேட்டில் இருக்கிறது. 2022இல் வேலைக்கென்று வெளிநாடு போனவர்கள் மூன்று இலட்சத்துக்கு மேல். அரச ஊழியரைக்கூட ஐந்து வருடம் சம்பளமில்லா லீவில் போய் டொலர் அனுப்பு என்று அதே ஆண்டு சுற்றறிக்கை விட்டார்கள். 2024இல் போனவர்கள் அனுப்பிய காசு ஏறத்தாழ 657 கோடி டொலர். தேயிலை ஏற்றுமதியில் வந்தது சுமார் 143 கோடி. கொழுந்தைவிடப் பிள்ளைகளுக்கு விலை கூட. கொழுந்துக்கு உரம் போட வேண்டும். பிள்ளைகளை வளர்ப்பது தாய்மாரின் செலவு. இங்கே ஆள் போவது அரசாங்கத்தின் தோல்வி இல்லை ஐயா, அதன் தொழிலே அதுதான்.

2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: பொருளாதாரம் வீழ்ந்ததற்கு ராஜபக்ச சகோதரர்களும் அவர்களின் அதிகாரிகளும் பொறுப்பு, மக்களின் நம்பிக்கையை மீறினார்கள். வழக்குப் போட்டவர்களுக்கு வழக்குச் செலவாகக் கொடுக்கச் சொன்னது 150,000 ரூபா. அந்தத் தொகை மாதச் சம்பளமாக வந்தால் இன்றைக்கு வரிகூட இல்லை. ஒரு நாட்டையே விழுத்திய செலவு வரி விலக்கு எல்லைக்குள் அடங்கிவிட்டது.

மருமகன் கொப்பியை மூடிவிட்டான். எந்த நாடு என்று முடிவு செய்யவில்லை. பாஸ்போர்ட்டை முதலில் எடுத்துவிட வேண்டும் என்கிறான். அதற்குச் சாதாரணக் கட்டணம் 10,000 ரூபா, குறைந்தபட்சச் சம்பளத்தில் மூன்றில் ஒன்று. அந்தக் காசைத் தங்கச்சி சீட்டில் எடுத்துக் கொடுத்தாள். நாளைக்கு விடியமுன் வவுனியாவுக்கு பஸ். கொப்பி என்னிடம்தான் இருக்கிறது. பார்க்க வேண்டியவர்கள் அன்புவழிபுரத்துக்கு வாருங்கள். கடைசிப் பக்கத்தில் கடற்படைத் தளத்தையும் எழுதி வைத்திருக்கிறான், அதற்கு மட்டும் விண்ணப்பப் படிவம் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தால் சொல்லுங்கள்.