கேட்டைக்கும் திருவாதிரைக்கும் என்னலே சண்டை?

பேராண்டி, இப்படி வந்து உக்காரு. பொண்ணு கேட்டை நட்சத்திரம், அதனால வேண்டாம்னுட்டியாமே? கேட்டை மூத்தாருக்கு ஆகாதாம். உனக்கு அண்ணனே கிடையாதேலே!

உன்னுது திருவாதிரை, தீர்க்காயுசுன்னு சோசியர் எழுதிக் குடுத்திருக்காராம். அந்த நட்சத்திரத்துக்கே ஆயுசு கெட்டியில்லே, உனக்கு எங்கேருந்து எடுத்துக் குடுக்கும்?

நட்சத்திரத்துக்கு ஜாதகம் எழுதுறது அதோட எடை. சூடு, நிறம், வெளிச்சம், சாவு எல்லாம் பிறக்கும்போதே ஏறக்குறைய முடிவாயிரும். எடை கூடுனா நடுவயித்துல சூடு ஏறும், ஹைட்ரஜன் தறிகெட்டு எரியும். சூரியனைவிட 10 மடங்கு எடைன்னா கையிருப்பு 10 மடங்கு, செலவோ ஆயிரக்கணக்கான மடங்கு. மேலத்தெரு மைனர் நஞ்சையை வித்துக் கார் ஓட்டுன கதைதான்.

சூரியன் நடுத்தரக் குடும்பஸ்தன். ஆயுசு சுமார் 1,000 கோடி வருசம், அதுல 460 கோடி கழிஞ்சிருக்கு. உன் திருவாதிரைக்கு வயசு ஒரு கோடி இருந்தாலே பெரிசு. அதுக்குள்ள ஊதிப் பெருத்து, செவந்துபோய், கடைசிக் காலத்துல நிக்கு. 2019 கடைசியில அது மங்கவும், வெடிக்கப் போவுதுன்னு ஒரே பேச்சு. பார்த்தா, அது கக்குன தூசி அதையே மறைச்சிருக்கு! ஆனா ஒருநாள் வெடிக்கத்தான் செய்யும்.

ஆயுசு வேணும்னா பிராக்சிமா சென்டாரியைப் பாரு. சூரியனுக்குப் பக்கத்து வீடு, 4.2 ஒளியாண்டு. எடை சூரியன்ல எட்டுல ஒரு பங்கு. வெறுங்கண்ணுக்கே தெரியாத நோஞ்சான், ஆனா லட்சக்கணக்கான கோடி வருசம் தாங்கும். பிரபஞ்சத்துக்கே வயசு 1,380 கோடிதான், அதனால அது மாதிரி நோஞ்சான் கூட்டத்துல ஒண்ணுகூட இன்னும் மூப்படைஞ்சு சாகலே. சோசியர் பஞ்சாங்கத்துல அதுக்கு இடமே இல்லே.

செத்த பிறகும் எடைதான் பேசும். மிஞ்சுற கரு சூரியனைப் போல 1.4 மடங்குக்குள்ள இருந்தா வெள்ளைக் குள்ளனா ஆறிக் கிடக்கும். மீறுனா நொறுங்கி நியூட்ரான் விண்மீனாவோ கருந்துளையாவோ போயிரும். வெள்ளைக் குள்ளன் எடைக்கு இப்படி ஒரு எல்லை இருக்குன்னு 1930-ல இங்கிலாந்துக்குக் கப்பல்ல போகையில கணக்குப் போட்டவர் நம்ம விஞ்ஞானி சந்திரசேகர். அப்ப அவருக்கு வயசு 19. அந்த வயசுல நீ அரியர் எழுதிக்கிட்டிருந்தே.

கேட்டையும் திருவாதிரை மாதிரியேதான். 10 மடங்குக்கு மேல எடை, செகப்பு, வெடிச்சுச் சாகப் போறது. எடைப் பொருத்தம், நிறப் பொருத்தம், சாவுப் பொருத்தம்கூட இருக்குலே! ஒண்ணு கிழக்கே ஏறுனா மத்தது மேற்கே இறங்கிரும், அது ஒண்ணுதான் குறை. புருசன் பொண்டாட்டிக்குள்ள அதுவும் நல்லதுதான்.

பொண்ணு வீட்டுக்குச் சேதி சொல்லி விடு. அதுக்கு முன்னால, அவ உன்னைச் சரின்னு சொல்லுதாளான்னு கேட்டுக்கோ.